பிள்ளை கைக்கு எட்டும் கரும்பலகை: ஒரு வகுப்பறைச் சுவரின் நிகழ்வு ஆய்வு

2022 கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஹெச்.எம். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது போட்டோ அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: "சார், நம்ம ஸ்கூலா இதுன்னு கேப்பீங்க பாருங்க." நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. வெளிச்சுவர் முழுக்க நீல நிற ரயில். உள்ளே ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் பெரிய அறையிலும் அதே ரயில் சுற்றி வருகிறது. பெட்டிக்குப் பெட்டி ஜன்னல், ஜன்னலுக்கு ஜன்னல் முயல், கரடி, கண்ணாடி போட்ட யானை. மேலே வானவில். அதற்கும் மேலே, உத்தரத்தை ஒட்டி, ஃப்ளெக்ஸில் அச்சடித்த உயிர்மெய் அட்டவணை, எண் அட்டவணை, வாய்ப்பாடு, காய்கறி, பழம், தேசத் தலைவர்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் நான் ஆசிரியர் பயிற்றுநராகப் போய்வந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஈராசிரியர் பள்ளி. வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்த்துச் செய்து கொடுத்த வேலை. அவர்கள் மனசில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் சேர்க்கைக்குக்கூட அந்த ரயில் உதவியது. மெட்ரிக் பள்ளி வேனுக்குக் காத்திருந்த இரண்டு அம்மாக்கள் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்ததாக டீச்சர் சொன்னார்.

ஜூலை இரண்டாம் வாரம் நேரில் போனேன். எனக்கு ஒரு பழக்கம்: வகுப்பறை உற்றுநோக்கல் படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் உயரத்திலிருந்து பார்த்தால் வகுப்பறை வேறாகத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நோட்டில் கணக்கை முடித்துவிட்டு எழுந்தது. கையில் சாக்பீஸ். நேரே சுவரோரம் போய் நின்றது. எழுத இடமில்லை. முயல் காதைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்த்தது. சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தது. எனாமல் பெயிண்டில் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும், எழுதாது. திரும்பி என்னைப் பார்த்து, "சார், இங்க எழுத வராது" என்றது.

அந்த இடத்தில் போன மே மாதம் வரை கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது. ரயில் அதன் மேல் ஏறிவிட்டது.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது

இந்த ஆய்வில் ரயிலைவிட முக்கியமானது ரயிலுக்கு அடியில் போனதுதான். அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தப் பலகை செயல்வழிக் கற்றலோடு வந்தது: பிள்ளை அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் தானே படிக்கும் முறை. அந்தப் பெயர் இன்றைய இளம் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் பட்டயப் படிப்பின் பாடப் பகுதியாக மட்டும் தெரிந்திருக்கலாம். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது முன்னோட்டமாகத் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலியில், சுற்றுப்புறக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த கற்றல் ஏணி முறைதான் மூலம். சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்று வந்து, தமிழ்நாட்டுப் பாடத்துக்கு ஏற்ப அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனபோது, 2007-08-ல் அது மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

இதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கற்பித்தல் முறையாகவே பேசினார்கள். எனக்கு அது முதலில் ஒரு காட்சி வடிவமைப்பு. அப்படிப் பார்த்தால்தான் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது பிடிபடுகிறது.

வகுப்பறைக்குள் நுழைந்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். சுவரில் பெரிய ஏணிப்படி அட்டவணை. கீழே, தரையிலிருந்து பிள்ளையின் தலை உயரம் வரை, சுவரைச் சுற்றிக் கரும்பலகை. தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்தது, வெட்டி ஒட்டியது எல்லாம் தொங்கும். டீச்சருக்கு நாற்காலி கிடையாது. பாயில் அவர்களோடு உட்கார வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

ஏணியின் சூட்சுமம் சின்னத்தில் இருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். விலங்கு, பறவை, பூச்சி இப்படி. பிள்ளை நேற்று எந்தப் படியில் நின்றதோ அதற்கு அடுத்த படியைத் தானே பார்க்கும். அதே சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். அந்தச் சின்னமே எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். முழுக்க ஆசிரியர் துணையோடு படிக்கும் குழுவா, பாதித் துணையா, முழுக்கச் சக மாணவர் துணையா, பாதித் துணையா, தானே செய்யும் குழுவா, மதிப்பீடா என்று மொத்தம் ஆறு குழுக்கள். ஒரே சின்னம் மூன்று வேலை பார்த்தது: நான் எங்கே இருக்கிறேன், எதை எடுக்க வேண்டும், யாரோடு உட்கார வேண்டும்.

இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆறு வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசியுங்கள். "டீச்சர், அடுத்து என்ன பண்ணணும்?" என்ற கேள்விதான் பல்வகுப்புக் கற்பித்தலில் ஆசிரியரின் உயிரை எடுப்பது. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு முறை கேட்டாலே காலை நேரம் முடிந்துவிடும். அந்தக் கேள்விக்குச் சுவர் பதில் சொன்னது. நம் ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. முதல் பொதுத்தேர்தலில் பெரும்பாலான வாக்காளருக்குப் பெயர் படிக்கத் தெரியாது என்பதால்தான் சின்னம் வந்தது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற பாட்டி இரட்டை இலையையும் உதயசூரியனையும் ஒருநாளும் மாற்றிக் குத்தியதில்லை. சின்னம் எளிமையாக இருந்தது, ஒன்றுக்கொன்று குழம்பாமல் இருந்தது, அதைக் கண்டதும் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றாக இருந்தது. ஏணிச் சின்னமும் அப்படித்தான்.

கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம், இடத்துக்கு ஓர் எண். "என் போர்டு" என்பார்கள். காலையில் வந்ததும் ஈரத்துணியால் தன் இடத்தை மட்டும் துடைப்பார்கள், பக்கத்து இடத்தின் கோட்டைத் தாண்டாமல். வீட்டில் தனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூட இல்லாத பிள்ளைக்குப் பள்ளிச் சுவரில் ஒரு துண்டு சொந்தமாக இருந்தது. ஆசிரியருக்கும் வசதி: அறை நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வைத்துத் திருத்துவதில் இது கிடைக்காது.

ஓட்டைகள்

புகழ்ந்துகொண்டே போனால் நானே என்னை நம்ப மாட்டேன்.

அட்டை கிழியும். நூறு கை பட்ட அட்டையின் மூலை முதலில் மழுங்கும், பிறகு சின்னம் இருந்த ஓரமே போய்விடும். ஒரு அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்த மாதிரி; அதற்குக் கீழே பிள்ளைகள் கூட்டமாகத் தேங்கி நிற்பார்கள். மாற்று அட்டை வரும்வரை நாங்கள் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினோம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் கிளியும் புறாவும் ஒன்றுதான். இரண்டு பையன்கள் அதற்காகச் சண்டை போட்டு என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். எனக்கும் தெரியவில்லை. நிறம் போனால் வேறுபாடும் போய்விடுகிற சின்னத்தை வரைந்ததே தவறு. வெளிக்கோட்டிலேயே வித்தியாசம் தெரிய வேண்டும்.

சில பள்ளிகளில் பிள்ளைகள் சின்னத்தை மட்டும் பார்த்து வேகமாக ஏணி ஏறினார்கள். படி கடந்தார்களே தவிரப் பாடம் ஏறவில்லை. அடைவு அட்டவணையில் அழகாகப் புள்ளி நகரும், வாசிக்கச் சொன்னால் விழிப்பார்கள். பெற்றோருக்கு வேறு குறை. "புள்ள புஸ்தகமே தூக்கிட்டு வரதில்ல, வீட்டுப்பாடம் இல்ல, என்னதான் சொல்லித்தரீங்க?" வடிவமைப்பு வகுப்பறைக்குள் இருந்த பிள்ளையோடு நன்றாகப் பேசியது, வீட்டில் இருந்தவர்களோடு பேசவே இல்லை.

2012-ல் ஆண்டுப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்தபோது ஏணி எளிமையாக்கப்பட்டது, பாடநூல் மறுபடி கைக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்ல அட்டைத் தட்டுகள் பீரோவுக்கு மேலே ஏறின. கீழ்மட்டக் கரும்பலகை மட்டும் தங்கியது, சுவரோடு சுவராக இருந்ததால். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் முறை வந்தது. குழு, செயல்பாடு, கம்பிப் பந்தல் எல்லாம் திரும்பி வந்தன. அந்தப் பள்ளியில் மட்டும் அதே மாதம் கரும்பலகை போய்விட்டது.

ரயில் என்ன செய்தது

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் ரயிலை ரசித்தார்கள். பெட்டி எண்ணினார்கள், முயலுக்குப் பெயர் வைத்தார்கள். நான் போனபோது அது ஐந்தாவது வாரம். டீச்சர் 'மரம்' என்ற சொல்லை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பையன் ஒருவன் டீச்சருக்குப் பின்னால் இருந்த யானையின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துத் தன் விரல்களால் கண்ணாடி செய்துகொண்டிருந்தான். குறும்பு என்று சொல்ல மாட்டேன். அவன் கண் உயரத்தில் இருந்தது யானை. பாடம் இருந்தது அவன் தலைக்கு மேல் ஏழடி உயரத்தில், ஆணி அடிக்க இடம் கிடைத்த இடத்தில்.

இதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்டது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். இரண்டு வாரத்தில் ஆறு அறிவியல் பாடம். மூன்று பாடம் சுவரெல்லாம் படமும் அட்டவணையும் ஒட்டிய அறையில், மூன்று வெறும் சுவர் அறையில். படம் நிறைந்த அறையில் பிள்ளைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் சுமார் 39 விழுக்காடு. வெறும் சுவரில் 28. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளில் சரியான விடை படம் நிறைந்த அறையில் 42 விழுக்காடு, வெறும் சுவர் அறையில் 55.

உடனே எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வு சிறியது, பரிசோதனைக்கென்று ஏற்பாடு செய்த அறை. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் குழு 2015-ல் 27 பள்ளிகளின் 153 வகுப்பறைகள், 3,766 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் நிதானமானது. ஓராண்டில் பிள்ளைகள் கண்ட முன்னேற்றத்தில் உள்ள வேறுபாட்டில் 16 விழுக்காடு வகுப்பறையின் கட்டமைப்பு, வடிவமைப்பால் வருகிறது என்றார்கள். அதிலும் பாதி வெளிச்சம், வெப்பம், காற்று இவற்றால். சுவர் அலங்காரத்தில் மிதமானதே நல்லது; நிரம்பி வழிவதும் கூடாது, மொட்டையாக விடுவதும் கூடாது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு கூறு உண்டு: இந்த வகுப்பறை எனக்குச் சொந்தம் என்று பிள்ளை உணர்வதையும் அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். "என் போர்டு" என்று விழுப்புரத்தில் சொன்னது அதுதான்.

ஹெச்.எம்.மிடம் இந்த எண்களைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ பெயிண்ட் அடிச்ச பசங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" நியாயமான கேள்வி. வடிவமைப்பு பற்றிய எந்த ஆய்வறிக்கையிலும் இதற்குப் பதில் கிடையாது. ரயிலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு என்ன செய்யலாம் என்று மூவரும் உட்கார்ந்தோம்.

நூறு கட்டம்

முதலில் மேலே இருந்த ஃப்ளெக்ஸ்களை இறக்கினோம். இறக்கித் தரையில் விரித்தபோதுதான் அவற்றை ஒழுங்காகப் படித்தோம் என்பது வெட்கக்கேடு. உயிர்மெய் அட்டவணையில் எழுத்துகளுக்கு நிழல் விழுகிற, கொழுத்த அலங்கார எழுத்துரு. 'ண'வில் மூன்று சுழி, 'ன'வில் இரண்டு சுழி என்பதைத்தான் பிள்ளை கண்ணால் பிரித்தறிய வேண்டும். அங்கே சுழியெல்லாம் மை அடைத்துக் கட்டியாக நின்றது. பத்தடி தள்ளி நின்றால் எனக்கே இரண்டும் ஒன்றுதான். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வேறு. ஃப்ளெக்ஸ் மினுமினுப்பு என்பதால் காலை பத்து மணிக்கு மேல் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பாதி அட்டவணை வெறும் பளபளப்பாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

எண் அட்டவணை இன்னும் மோசம். ஒன்று முதல் நூறு வரை நூறு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். ஹோலி கொண்டாடின மாதிரி இருந்தது. நிறத்துக்கும் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடிக்கிறவர் கணினியில் எது வந்ததோ அது.

டீச்சர் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, மறுநாள் முன்பக்கக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் வெள்ளை சாக்பீஸால் பத்துக்குப் பத்து கட்டம் போட்டார். எல்லா எண்ணும் ஒரே வெள்ளை. பிள்ளைகளைக் கூப்பிட்டு ஐந்து ஐந்தாக எண்ணச் சொல்லி, சொல்லும் எண்ணின் மேல் மட்டும் மஞ்சள் சாக்பீஸ் தேய்க்கச் சொன்னார். 5, 10, 15, 20... 35 வந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன், "டீச்சர், இது நேரா இறங்குது" என்றான். இரண்டு மஞ்சள் தூண்கள். அடுத்து ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஆரஞ்சு சாக்பீஸில் செய்தார்கள். அது மூலைவாட்டில் படிக்கட்டு மாதிரி இறங்கியது. 9, 18, 27, 36... 63-ஐத் தாண்டி யாரும் எண்ணவே இல்லை; கட்டத்தைப் பார்த்தே அடுத்த இடத்தில் தேய்த்தார்கள். "ஏன் இது மட்டும் சாஞ்சு போவுது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பத்தைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் ஒன்பது என்பதால் ஒரு வரிசை கீழே, ஒரு கட்டம் இடப்பக்கம் என்று டீச்சர் விளக்கினார். அந்தக் கேள்வி வந்ததே எனக்குப் போதும்.

அச்சடித்த அட்டவணையில் நூறு நிறம் இருந்தது. சாக்பீஸில் இரண்டே நிறம்.

எழுத்துக்கும் அதே மாதிரி செய்தோம். 247 எழுத்தும் ஒரே தாளில் தொங்கவேண்டிய அவசியம் என்ன? அந்த வாரம் படிக்கும் எழுத்துகள் மட்டும், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், அலங்காரமில்லாமல். ட, ப, ம என்று உருவம் ஒத்த எழுத்துகள் பக்கம் பக்கமாக. 'ட'வோடு ஒரு கோடு சேர்ந்தால் 'ப' என்பது சொல்லாமலே தெரிகிற மாதிரி. சனிக்கிழமை கழற்றி, திங்கட்கிழமை புதிது. தொங்கவிடும் உயரத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை பாயில் உட்கார்ந்தபடி, கழுத்தை நிமிர்த்தாமல் படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று எங்களை வேலை வாங்கியது.

சரிவராததும் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் குழுக்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் பாய் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு வாரத்தில் பிள்ளைகள் "அவன் பச்சைப் பாய்" என்று கேலி பேசத் தொடங்கிவிட்டார்கள். நிலையைக் காட்ட வைத்த நிறம் ஆளுக்கு முத்திரை குத்திவிட்டது. பாய்களைக் கலைத்துப் போட்டோம். பழைய ஏணியில் சின்னம் செய்கிற வேலைக்கு இருந்ததே தவிரப் பிள்ளைக்கு இல்லை. ஒரே நாளில் ஒரே பிள்ளை நான்கு குழுவில் உட்காரும். அந்த நுணுக்கம் எனக்கு அப்போதுதான் உறைத்தது, அத்தனை வருஷம் பயிற்சி கொடுத்த பிறகு.

ஜன்னல்

மிச்சம் இருந்தது ரயில். யோசனை டீச்சருடையது. ரயிலின் சக்கரங்கள் தரையோடு இருந்தன. ஜன்னல்கள் சரியாகப் பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில். ஜன்னல் என்றால் உள்ளே இருட்டாகத்தானே தெரியும், முயல் எதற்கு என்றார். எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஜன்னல்களுக்குள் மட்டும் பிளாக்போர்டு பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தோம். ரயில் ரயிலாகவே இருந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ரிசர்வேஷன் சீட் எண் மாதிரி வெள்ளையில் ஓர் எண். பெயிண்ட் காய ஒரு சனி ஞாயிறு ஆனது.

ஹெச்.எம். பயந்தபடி பழைய மாணவர் ஒருவர் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு வந்தார். கறுப்பாகிப்போன ஜன்னல்களைப் பார்த்து முகம் சுருங்கியது. பிறகு தன் அண்ணன் மகள் பன்னிரண்டாம் எண் ஜன்னலில் கொடி வரைந்து வைத்திருப்பதைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டார். திருப்தியா இல்லையா என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த அறையில் எந்தப் பிள்ளை எவ்வளவு தேறியது என்று நான் அளந்து வைக்கவில்லை. அதனால் மதிப்பெண் கணக்கு எதுவும் இங்கே கிடையாது. உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல முடியும். செப்டம்பரில் மறுபடி பின்னால் போய் உட்கார்ந்தேன். கணக்கை முடித்த பிள்ளைகள் தாங்களாக எழுந்து தங்கள் ஜன்னலுக்குப் போனார்கள். சாக்பீஸ் எழுதியது. இரண்டு பேர் ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பதிலாகப் பதினொன்றை வைத்துக் கட்டம் போட்டு, அது எதிர்ப்பக்கமாகச் சாய்வதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவன் மட்டும் இன்னும் யானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜின் ஓட்டுநரின் ஜன்னலில் இருந்த அந்த யானையை டீச்சர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்.

பிரச்சினை ஒன்று பாக்கி. ஜன்னல் பதினெட்டு, பிள்ளைகள் இருபத்தொன்று. வாசல் பக்கச் சுவரில் கார்டு பெட்டியை நீட்டி வரைந்தால் மூன்று ஜன்னல் கிடைக்கும். அரை லிட்டர் பெயிண்ட் ஹெச்.எம். பீரோவில் இருக்கிறது. நீல நிறம்தான் கடையில் அதே சாயலில் கிடைக்கவில்லை.